புகைப்படத் தொழிலும் நம் தன்மதிப்பும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இளைஞர்களும் தொழிலும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். எல்லாத் தொழில்களையும் பற்றிப் பொதுவாகச் சொல்லிச் செல்வதினும், ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதன் உள்ளும் புறமும் நோக்குவது உங்களுக்குப் பயன் தரும் எனக் கருதினேன். நான் எடுத்துக்கொண்டது புகைப்படத் தொழில். அதற்கு ஒரு காரணம் உண்டு.

இவ்விழா மலருக்குப் படம் எடுப்பதற்காகச் சென்ற மாதம் ஒரு புகைப்படக் கலைஞர் நம் சங்கக் கட்டடத்திற்கு வந்திருந்தார். அவர் என் பழைய மாணவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் விளக்குத் தூக்கும் உதவியாளராகச் சேர்ந்தவர். இன்று வட்டத் தலைநகரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வேலை முடிந்தபின் வேப்பமரத்து நிழலில் அமர்ந்து, அண்மையில் தாம் எடுத்த படங்களைப் பற்றியும், தொழிலின் வரவு செலவைப் பற்றியும் ஒரு மணி நேரம் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னவற்றுள் ஒன்று அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

நம் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், வயது எண்பதைக் கடந்தவர், வாழ்நாள் முழுவதும் நடவும் களையுமாக வயலிலே உழைத்தவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தாராம். “தம்பி, எனக்கு ஒரு படம் எடுக்கணும். நாற்காலியிலே உட்கார்ந்த மாதிரி எடுக்கணும்” என்றாராம். பாஸ்போர்ட் அளவா, பெரிய அளவா என்று இவர் கேட்டதற்கு, “அளவு உன் விருப்பம் தம்பி, நாற்காலி மட்டும் தெரியணும்” என்று விடை வந்ததாம். எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்றே கூலி வாங்கிய அத்தாய், தாம் நாற்காலியில் அமர்ந்திருந்ததற்கு ஒரு சான்று விட்டுச் செல்ல விரும்பினார். அன்பர்களே, புகைப்படம் என்பது என்ன என்பதை நூல்கள் எனக்குக் கற்பித்ததைவிட அந்த ஒரு சொல் தெளிவாகக் கற்பித்தது.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஒருவருடைய உருவம் நிலைபெற வேண்டுமானால் ஓவியரை அமர்த்தும் செல்வம் வேண்டும். அரசரும் பிரபுக்களும் மட்டுமே பெற்றிருந்த அப்பேற்றினைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது கேமரா. ஆயினும், அக்கருவி யார் கையில் இருந்தது என்னும் வினாவையும் நாம் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டில் அது முதலில் ஆள்வோர் கையில் இருந்தது. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்பட எட்டுத் தொகுதிகளைப் படங்களுடன் வெளியிட்டது. பின்னர், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களை நிறுத்தி மூக்கையும் தலையையும் அளந்து குறித்த காலம் அது. அந்நூல்களில் பல படங்களின் கீழே மனிதரின் பெயர் இல்லை. சாதியின் பெயர் மட்டுமே இருக்கிறது. நம் முன்னோர் அப்படங்களில் இருக்கிறார்கள். ஆனால் மனிதர்களாக அல்ல, மாதிரிகளாக இருக்கிறார்கள். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெயர் எழுதி வைப்பது போன்றதே அது.

நிற்க. கடல் கடந்து அமெரிக்க நாட்டிலும் ஓர் ஒடுக்கப்பட்ட இனம் இதே துன்பத்தை அடைந்தது. ஆனால் அவர்கள் அதற்கு ஒரு மாற்றுக் கண்டார்கள். அதனையே உங்களுக்குச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1818-இல் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பி வந்து, பெரும் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் என்பாரை நீங்கள் அறிந்திருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் மிகுதியாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 160-க்கும் மேற்பட்ட வெவ்வேறு படங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளையர் இதழ்கள் கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரங்களாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர் நல்ல கோட்டு அணிந்து, நேர்கொண்ட பார்வையுடன், பெரும்பாலும் புன்னகையின்றிக் கேமராவின் முன் அமர்ந்தார். புகைப்படத்தைப் பற்றியே மேடைகளில் சொற்பொழிவும் ஆற்றினார். அண்ணல் அம்பேத்கரின் கோட்டும் கழுத்துப் பட்டியும் கையிலுள்ள நூலும் நம் வீட்டுச் சுவர்களில் என்ன பணியைச் செய்கின்றனவோ, அதே பணியை அப்படங்கள் அம்மக்களுக்குச் செய்தன.

சோஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையார் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் தம் புகைப்படத்தைச் சிறு அட்டைகளாக அச்சிட்டுக் கூட்டங்களில் விற்று, அவ்வருவாயில் தம் வாழ்க்கையையும் பொதுப்பணியையும் நடத்தினார். 1864-இல் அப்படத்தின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவும் செய்தார். ஒரு காலத்தில் பிறரால் விற்கப்பட்ட பெண்மணி, தம் உருவத்தின் உரிமையைத் தாமே கொண்டு, தாமே விற்றார். இதனினும் பெரிய விடுதலை எது?

இனி, தொழில்முறைக் கலைஞர் ஒருவரிடம் வருகிறேன். அவர் பெயர் ஜேம்ஸ் வான் டெர் ஸீ. 1886-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே கேமராவில் பழகியவர். இளமையில் நியூயார்க் வந்து உணவு விடுதியில் பரிமாறினார். பியானோவும் வயலினும் வாசித்துப் பொருள் ஈட்டினார். 1915-இல் ஒரு பெரிய அங்காடியின் படப்பிரிவில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்தார். என் மாணவர் விளக்குத் தூக்கியது போலத்தான் அவரும் தொடங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சொந்த ஸ்டூடியோ திறந்தார்.

தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பிப் பல்லாயிரக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடியேறிய காலம் அது. ஹார்லெமில் குடியேறியவர்கள், ஊரிலுள்ள தாய் தந்தையர்க்குத் தாம் நலமாக இருப்பதைக் காட்ட விரும்பினார்கள். வான் டெர் ஸீயின் ஸ்டூடியோவில் வேலைப்பாடமைந்த நாற்காலி இருந்தது, மேசை இருந்தது, திரைச்சீலையில் எழுதிய காட்சிகள் இருந்தன. வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அங்கே சீமாட்டியாக அமர்ந்தாள். நெகட்டிவின் மீதே நுண்ணிய பென்சிலாலும் கருவியாலும் முகச் சுருக்கங்களை நீக்கினார். வளைந்த பற்களைச் சீர் செய்தார். சில வேளை கையில் ஒரு மோதிரத்தையும் வரைந்து சேர்த்தார். திருமணம், குழந்தை, பள்ளி, மாதா கோவில், விளையாட்டுக் குழு, இறுதிச் சடங்கு என ஒரு சமுதாயத்தின் வாழ்வு முழுவதையும் படமாக்கினார். 1924-இல் மார்கஸ் கார்வியின் இயக்கத்திற்கு அதிகாரப்பூர்வப் புகைப்படக் கலைஞராகவும் பணியாற்றினார். 1932-இல் அவர் எடுத்த ஒரு படம் புகழ் பெற்றது. தெருவில் நிற்கும் அழகிய காரும், விலையுயர்ந்த ரோம மேலங்கி அணிந்த ஓர் இணையருமே அப்படம். நாட்டையே பொருளாதார வீழ்ச்சி வாட்டிய நேரத்தில் எடுக்கப்பட்டது அது.

அவரிடம் நான் கண்ட நற்பழக்கம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையில் தம் பெயரையும் நகரின் பெயரையும் ஆண்டையும் அவர் எழுதி வைத்தார். அதனால்தான் இன்றும் அப்படங்கள் வரலாறாக நிற்கின்றன.

ஆனால், இளைஞர்களே, தொழில் என்பது திறமை மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலிவான சிறு கேமராக்கள் வீடுதோறும் வந்தன. ஸ்டூடியோவிற்கு வருவோர் குறைந்தனர். அவர் பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுத்தும், பாஸ்போர்ட் படம் எடுத்தும் காலம் தள்ளினார். 1967-இல் ஓர் ஆய்வாளர் அவருடைய நெகட்டிவ் குவியலைக் கண்டார். 1969-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றி நடத்திய பெருங்கண்காட்சியில் அவருடைய படங்கள் முதன்மை பெற்றன. உலகம் அவரை அறிந்தது. அதே ஆண்டில்தான் அவர் தம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல். நாட்டின் பெரிய அருங்காட்சியகத்தின் சுவரில் அவருடைய படங்கள், அவரோ தெருவில். பிறகு, தம் படங்களின் உரிமையைத் திரும்பப் பெற வழக்குமன்றம் செல்ல வேண்டியதும் நேர்ந்தது. வழக்கு முடிவதற்குள், 1983-இல், தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். முதுமையிலும் அவர் கேமராவை விடவில்லை. மறைவதற்கு முந்தைய ஆண்டில்கூட ஓவியர் பாஸ்கியாவைப் படமெடுத்தார். 2021-இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகமும் சேர்ந்து சுமார் 20,000 படங்களும் 30,000 நெகட்டிவ்களும் கொண்ட அவருடைய தொகுப்பைப் பெற்றுப் பாதுகாக்க முன்வந்தன.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள. ஒன்று, ஒரு சமுதாயம் தன்னைத் தானே பார்க்கும் கண்ணாடியைத் தன் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும். மற்றொன்று, அக்கண்ணாடியைப் பிடித்திருப்பவன் வரவு செலவையும் உரிமையையும் அறியாதவனாயின், அவன் பிறருக்குப் பெருமை தேடித் தந்து, தான் வறுமையில் வீழ்வான்.

இப்போது மீண்டும் வேப்பமரத்தடிக்கு வருவோம். என் மாணவர் சொன்ன தொழிற்செய்திகள் இவை.

“ஐயா, ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் பஞ்ச மாதங்கள். அந்த மாதங்களில் திருமணம் இல்லை. தையில் வருவதை அப்படியே செலவு செய்தவன் ஆடியில் கேமராவை அடகு வைப்பான்” என்றார். ஆகவே, முகூர்த்த மாதங்களின் வரவில் ஒரு பங்கை அவர் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறார். மற்ற மாதங்களில் பள்ளி அடையாள அட்டைப் படம், கல்லூரிச் சேர்க்கைக்கான படம், பழம்படங்களைப் புதுப்பித்தல் ஆகியவை ஸ்டூடியோ வாடகையைக் கொடுத்துவிடுகின்றன. எல்லார் கையிலும் செல்பேசிக் கேமரா வந்தபின் தொழில் நிற்குமா என்று கேட்டேன். “படம் எடுக்க எல்லாராலும் முடிகிறது ஐயா, அச்சுப் போட்டு வைக்கத்தான் ஆளில்லை. செல்பேசி உடைந்தால் பத்தாண்டு வாழ்க்கை போய்விடுகிறது” என்றார். 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவைத் தன் கூடத்திலேயே உருவாக்கிய கோடாக் நிறுவனம், அம்மாற்றத்தைத் தானே எதிர்கொள்ள இயலாமல் 2012-இல் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் காப்பை நாடியதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மாற்றத்தைக் கண்டு அஞ்சுபவன் மட்டுமல்லன், கண்டும் காணாதிருப்பவனும் வீழ்வான்.

மற்றொரு செய்தியை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சென்ற ஆண்டு வேறு ஊர்த் திருமணம் ஒன்றுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அவருடைய வீடு எந்தத் தெருவில் உள்ளது என்பது தெரிந்தபின், “மணமேடைக்குப் பக்கத்தில் வரவேண்டியிருக்குமே” என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்களாம். இவர் கொடுத்துவிட்டார். அந்தத் தேதிக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. உதவியாளருக்குப் பேசிய கூலி மட்டும் கைவிட்டுப் போயிற்று. நான் வருந்தினேன். அவரோ, “அன்றிலிருந்து அச்சிட்ட ரசீது வைத்துவிட்டேன் ஐயா. அவர்களாக நிறுத்தினால் முன்பணம் திரும்பாது என்று அதிலேயே போட்டிருக்கிறேன். யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் தேதி” என்றார். இழிவுக்கு அவர் கண்ட விடை ஒரு ரசீதுப் புத்தகம். அவ்விடை முழு விடையாகாது என்பதை நான் அறிவேன். இழிவைச் செய்தவன் நெஞ்சை ரசீது மாற்றாது. ஆயினும், அடுத்த முறை கூலியும் சேர்ந்து போகாமல் அது காக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்ணப் பிலிம் வந்த காலத்தில், வண்ணங்களைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைப் பெண்மணியின் படத்தையே அளவுகோலாக ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்தது. அதனால் கருநிற முகங்கள் படத்தில் வெறும் நிழலாக அமிழ்ந்தன. அக்குறையைச் சுட்டிக்காட்டியவர்களுள், தம் பொருளின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என முறையிட்ட சாக்லேட் உற்பத்தியாளர்களும் மரச்சாமான் உற்பத்தியாளர்களும் இருந்தார்கள் என்பது வியப்பான செய்தி. இன்று கணிப்பொறியில் முகத்தை வெளுக்கச் செய்வது நொடிப்பொழுது வேலை. நம் வீட்டுத் திருமண ஆல்பங்களில் மணப்பெண்ணை அவள் தாயே அடையாளம் காண முடியாத அளவுக்கு வெளுக்கிறார்கள். என் மாணவர் அதைச் செய்வதில்லை. “விளக்கைச் சரியாக வைத்தால் நம் நிறம் அழகாகவே விழும் ஐயா; வைக்கத் தெரியாதவன்தான் வெளுப்பான்” என்கிறார். இச்சொல்லை நான் பள்ளியின் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் ஒரு நல்ல ஸ்டூடியோவில் ஓராண்டாவது உதவியாளராக இருங்கள். கேமராவைவிட ஒளியைக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கேமராவை வாங்கித் தொடங்குவது இழுக்கன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியின் கோப்பையும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கடனுக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்குவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வகுத்தது. இத்தகைய உதவிகளைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் சென்று கேட்டறியுங்கள். சட்டத்தையும் அறிந்திருங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே வாடிக்கையாளரின் படத்தை உங்கள் விளம்பரத்தில் இட விரும்பினால் முன்னதாகவே எழுத்தில் இசைவு பெறுங்கள்.

வயிற்றுக்கான தொழிலோடு சமுதாயப் பணியையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று ஐயுறுவோருக்கு, நம் மண்ணிலேயே சான்று உண்டு. மதுரையைச் சேர்ந்த மீன் விற்கும் தாயின் மகனான பழனிக்குமார், மலக்குழியிலும் சாக்கடையிலும் உயிர்விடும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தம் கேமராவால் நாட்டின் கண்முன் நிறுத்தினார். 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பயிற்சியும் அளித்து வருகிறார். அப்பிள்ளைகள் தம் தாயையும் தந்தையையும் தாமே படமெடுக்கிறார்கள். படத்தின் கீழே பெயரும் இருக்கிறது. தர்ஸ்டன் நூலுக்கு அதுவே மறுமொழி.

முடிப்பதற்கு முன், என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்ல உங்கள் இசைவை வேண்டுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது குழுப்படம் எடுத்தார்கள். பணம் கொண்டுவராதவர்கள் ஒதுங்கி நிற்குமாறு சொல்லப்பட்டது. நான் ஒதுங்கி நின்றேன். அப்படத்தில் நான் இல்லை. என் தந்தையார்க்குப் படமே இல்லை. அவர் முகம் என் நினைவோடு அழிந்துவிடும். என் தாயார்க்கு ஒரே ஒரு படம் இருந்தது. 1993-இல் தேர்தல் ஆணையம் ஆணையிட்ட பின்னர் வந்த வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த படம் அது. அரசுக்குத் தேவைப்பட்டபோதுதான் என் தாய் முதன்முதலாகப் படமானாள்.

சென்ற மாதம் அந்த அட்டையை என் மாணவரிடம் கொடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “ஐயா, ஆயா என்ன நிறத்துச் சேலை விரும்பிக் கட்டுவார்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பி.ஏ., பி.எட். படித்து, நூற்றுக்கணக்கான மாணவர்க்கு வரலாறு கற்பித்த நான், என் தாய் விரும்பிய நிறத்தை அறியாதவனாக நின்றேன். ஊரிலுள்ள என் தமக்கையாரைத் தொலைபேசியில் கேட்டேன். “அம்மாவுக்கு அரக்குன்னா உசிரு தம்பி. ஒன்றுதான் இருந்தது” என்றார். இன்று என் வீட்டில் என் தாய் அரக்கு நிறச் சேலையில், அவருடைய நிறத்திலேயே இருக்கிறார்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழாவின் நினைவாக, நம் தெருக்களில் உள்ள 70 வயது கடந்த ஒவ்வொருவரையும் அவரவர் விரும்பிய வண்ணம் அமரச் செய்து ஒரு படம் எடுப்போம். நாற்காலி வேண்டுவோர்க்கு நாற்காலி. பேரன் பேத்தி சூழ வேண்டுவோர்க்கு அவ்வாறே. ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரும் ஊரும் செய்த தொழிலும் ஆண்டும் எழுதுவோம். ஒரு படி அவர்கள் வீட்டில். ஒரு படி சங்கத்தில். என் மாணவர் கூலியின்றி எடுத்துத் தர ஒப்பியிருக்கிறார். நான் மறுத்துவிட்டேன். தொழில் செய்பவனுக்குக் கூலி கொடுப்பதே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை. அச்சுச் செலவையும் அவர் கூலியையும் என் ஒரு மாத ஊதியத்திலிருந்து தொடங்கி வைக்கிறேன். எஞ்சியதை நீங்கள் நிறைவு செய்வீர்கள் என நம்புகிறேன்.

பொன் விழாக் காணும்போது நான் இருக்கமாட்டேன். ஆனால் அன்று இம்மேடையில் பேசும் ஒருவருக்கு, தம் பாட்டியின் முகமும் பெயரும் சேலை நிறமும் தெரிந்திருக்கட்டும்.